ஒவ்வொரு முறை எஃப்எஸ்செக் ஓட்டும்போதும் புதுப்புதுப் பிழை: ரெய்டு1 சர்வரில் ஏன் இப்படி?

மூன்றாம்_ஷிப்ட் கேட்கிறார்:

வணக்கம். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனிலிருந்து தட்டுகிறேன், அதனால் கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதிவிடுகிறேன்.

ஒரு சின்ன ஆபீஸின் ஃபைல் சர்வர். 4 டிபி வட்டு இரண்டு, லினக்ஸின் எம்டி மென்பொருள் ரெய்டு1 (ஒரே தரவை இரண்டு வட்டிலும் எழுதும் கண்ணாடி அமைப்பு), அதன்மேல் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. இயங்குதளம் தனியாக ஒரு எஸ்எஸ்டியில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ரெய்டைக் கட்டியது நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்தவர்.

திங்கள் ராத்திரி கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியும் சேர்ந்து கைவிட்டது. திரும்ப ஆன் செய்தபோது பூட் பாதியில் நின்று, எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, எஃப்எஸ்செக்கை (கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் நிரல்) நீயே கையால் ஓட்டு என்று சொல்லி எமர்ஜென்சி மோடில் விட்டுவிட்டது. சரி என்று மவுன்ட் ஆகாத நிலையில் எம்டி0 (இரண்டு வட்டும் சேர்ந்த ரெய்டின் பெயர்) மேல் மைனஸ் ஒய் (எல்லாக் கேள்விக்கும் 'ஆம்') போட்டு ஓட்டினேன். எதையெதையோ சரிசெய்தது. மனசு கேட்காமல் மைனஸ் எஃப் (கட்டாயமாக முழுச் சோதனை) சேர்த்து இன்னொரு தடவை ஓட்டினேன். இந்த முறை சுத்தம் என்றுதானே வர வேண்டும்? புதிதாக இருபதுக்கு மேல் பிழைகள். மூன்றாம் முறை, அதுவும் இல்லாத வேறு பிழைகள். முதல் தடவை ஐந்தாம் கட்டத்தில் காலி பிளாக் எண்ணிக்கை தவறு என்ற அளவில்தான் பெரும்பாலும் புகார். அடுத்த தடவை முதல் கட்டத்திலேயே ஐநோடு (ஒரு கோப்பின் விவரக் குறிப்பு) சரியில்லை என்கிறது.

ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் இரண்டு 'யூ'வும் (வட்டு இயங்குகிறது என்ற குறி) இருக்கின்றன, எந்த வட்டும் விழவில்லை. ஸ்மார்ட் (வட்டு தன் உடல்நலம் பற்றி வைக்கும் கணக்கு) பார்த்துவிட்டேன்: இரண்டு வட்டிலும் கெட்ட செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றுமே பூஜ்யம். கடைசி பேக்கப் ஞாயிறு ராத்திரி எடுத்தது, அதாவது திங்கட்கிழமை வேலை அதில் இல்லை.

நான்காவது முறை ஓட்டலாமா? சுத்தம் என்று வரும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் வந்துவிடுமா?


கேபிள்_சந்தேகி:

வராது. முதலில் கையை எடுங்கள். இனி மைனஸ் ஒய் வேண்டாம்.

யாரும் எழுதாத ஒரு கோப்பு முறைமை ஒவ்வொரு வாசிப்பிலும் வேறு கதை சொல்கிறது என்றால், கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது. எஃப்எஸ்செக் பாவம், தனக்குக் கொடுத்த பிளாக்கை உண்மை என்று நம்பித்தான் வேலை செய்யும். அதற்குப் பொய்யான பிளாக்கைக் கொடுத்தால், பொய்யை வைத்து உண்மையைத் 'திருத்தி' எழுதிவிடும். மைனஸ் ஒய் போட்டால் உங்களைக் கேட்கவும் கேட்காது.

என் அனுபவத்தில் இதற்கு முதல் காரணம் ராம், இரண்டாவது காரணம் சாட்டா கேபிள். ராமுக்கு மெம்டெஸ்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஸ்மார்ட்டில் 5, 197, 198 மட்டும் பார்த்தது போதாது, 199ஐப் பாருங்கள். வட்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு கெட்ட கணக்கு அது. வட்டு தங்கமாக இருந்தாலும் கேபிள் ஆடினால் அது ஏறும்.

இன்னொன்று: எம்டி0 மேல் மைனஸ் எஃப், மைனஸ் என் இரண்டும் போட்டு, வெளியீட்டைக் கோப்பில் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஓட்டுங்கள். மைனஸ் என் எதையும் எழுதாது. இரண்டு கோப்புக்கும் டிஃப் எடுத்தால் ஒரு வரி வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. கோப்புகளை எஸ்எஸ்டியில் வையுங்கள், அதே ரெய்டில் அல்ல. (சிரிக்காதீர்கள், ஒருவர் செய்திருக்கிறார். நான்தான்.)


மூன்றாம்_ஷிப்ட்:

செய்துவிட்டேன். மெம்டெஸ்ட் விடிய விடிய நான்கு சுற்று ஓடியது, ஒரு பிழையும் இல்லை. 199 இரண்டு வட்டிலும் பூஜ்யம். இருந்தாலும் கேபிள் இரண்டையும் மாற்றிவிட்டேன்.

மைனஸ் என் முதல் தடவை 61 வரி, இரண்டாம் தடவை 48 வரி. பொதுவாக இருப்பவை பாதிகூட இல்லை.


சும்மா_தட்டு:

இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. எம்டியின் சிங்க்-ஆக்‌ஷன் கோப்பில் 'ரிப்பேர்' என்று எழுதிவிடுங்கள். இரண்டு வட்டையும் ஒப்பிட்டு அதுவே சரிசெய்துகொள்ளும். அப்புறம் எஃப்எஸ்செக் ஓட்டுங்கள், முடிந்தது.


வட்டுக்காரன்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ரெய்டு1இல் 'ரிப்பேர்' எது சரி என்று ஆராய்வதில்லை. அதற்கு அந்த அறிவே கிடையாது, ஏனென்றால் எம்டி எந்தப் பிளாக்குக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்வதில்லை. இரண்டும் வேறாக இருந்தால் ஒன்றை எடுத்து மற்றதன்மேல் எழுதும், அவ்வளவுதான். நல்ல பிரதி அழிந்து கெட்டது நிலைத்தால் அப்புறம் திரும்ப வழியில்லை.

கேபிள்_சந்தேகி சொன்ன வரிசை நல்ல வரிசை. ராமும் கேபிளும் கழிந்துவிட்டதால் என் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகிறது. ரெய்டு1இல் எழுதுவது இரண்டு வட்டுக்கும் போகும், வாசிப்பதோ ஏதாவது ஒன்றிலிருந்துதான். எந்த வட்டு சும்மா இருக்கிறது, எதன் தலை அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து எம்டி அந்தந்த நேரத்தில் முடிவு செய்யும். இரண்டும் ஒன்றே என்றிருக்கும்வரை யாரிடம் கேட்டால் என்ன? ஆனால் அவை வேறு வேறாகிவிட்டால், ஐநோடு அட்டவணையில் ஒரு துண்டு ஒரு வட்டிலிருந்தும் அடுத்த துண்டு மற்றதிலிருந்தும் வரும். ஓட்டும் ஒவ்வொரு முறையும் கலவை மாறும். ஆளுக்கொரு கதை சொல்லும் இரண்டு சாட்சிகளை மாற்றி மாற்றி விசாரிக்கிற மாதிரி.

ஊகம்தான், ஆனால் உறுதிப்படுத்துவது சுலபம். சிங்க்-ஆக்‌ஷனில் 'செக்' என்று எழுதுங்கள். இது வாசித்து ஒப்பிடும், திருத்தாது. முடிந்ததும் மிஸ்மேட்ச்-கவுன்ட் எவ்வளவு என்று சொல்லுங்கள். அது 512 பைட் செக்டர் கணக்கில் வரும், கொஞ்சம் கூட்டியே காட்டும், அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பூஜ்யமா இல்லையா என்பதுதான் விஷயம்.

கூடவே மூன்று கேள்விகள். எம்டிஆடமின் (எம்டி ரெய்டை நிர்வகிக்கும் கட்டளை) 'எக்ஸாமின்' மெட்டாடேட்டா பதிப்பு, அதாவது ரெய்டு தன்னைப் பற்றி வட்டில் எழுதும் குறிப்பின் பதிப்பு, என்ன என்று காட்டுகிறது? கரண்ட் போனதற்கும் நீங்கள் எம்டி0 மேல் முதல் எஃப்எஸ்செக் ஓட்டியதற்கும் இடையில், யாராவது வேறு யுஎஸ்பியிலிருந்து பூட் செய்தார்களா? எஃப்எஸ்டாபில் (எதை எப்படி மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) இந்த ரெய்டுக்கான வரி முழுதாக எப்படி இருக்கிறது?


மூன்றாம்_ஷிப்ட்:

மிஸ்மேட்ச்-கவுன்ட் 55936.

மெட்டாடேட்டா 1.0.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முதல் பதிவில் விட்டுவிட்டேன், வேண்டுமென்றே இல்லை, அது முக்கியம் என்றே நினைக்கவில்லை. எமர்ஜென்சி மோடைப் பார்த்ததும் பயந்துபோய், மேசை டிராயரில் கிடந்த பழைய ரெஸ்க்யூ யுஎஸ்பியைப் போட்டு பூட் செய்தேன். அதில் எம்டிஆடம் இல்லை, எம்டி0 என்று எதுவும் தெரியவில்லை. எஸ்டிபி1, அதாவது ரெய்டின் இரண்டு வட்டில் ஒன்றின் பார்ட்டிஷன், தெரிந்தது. முதலில் வெறும் எஃப்எஸ்செக் என்று தட்டினேன், இது ஏதோ ரெய்டு உறுப்பினர் என்று சொல்லி மறுத்தது. அதனால் இஎக்ஸ்டி4க்கான எஃப்எஸ்செக்கையே பெயர் சொல்லி அழைத்து மைனஸ் ஒய் கொடுத்தேன். அது மறுக்கவில்லை. ஓடி முடித்தது, 'சரிசெய்யப்பட்டது' என்றது. கண்ணாடி ரெய்டுதானே, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது.

எஃப்எஸ்டாப் வரியில் யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இருக்கிறது, ஆறாவது இடத்தில் 2 (பூட்டில் எஃப்எஸ்செக் ஓட்டு என்று அர்த்தம்) இருக்கிறது. ஆப்ஷன்களில் 'நோஅடைம், நோபேரியர்' என்று இருக்கிறது.


வட்டுக்காரன்:

கூச்சப்பட ஒன்றும் இல்லை. இந்த ஒரு தகவல் இல்லாமல் இன்னும் ஒரு வாரம் ராமை மாற்றிக்கொண்டிருப்போம்.

நடந்தது இதுதான். மெட்டாடேட்டா 1.2ஆக இருந்திருந்தால் ரெய்டின் குறிப்பு பார்ட்டிஷனின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தரவு தள்ளித் தொடங்கும். எஸ்டிபி1 மேல் நேராக ஓட்டினால் சூப்பர்பிளாக்கே (கோப்பு முறைமையின் தலைக்குறிப்பு) கிடைக்காமல் எஃப்எஸ்செக் கைவிரித்திருக்கும். 1.0இலும் பழைய 0.90இலும் அந்தக் குறிப்பு கடைசியில் இருக்கிறது. அதனால் உறுப்பு வட்டைப் பார்த்தால் அசல் இஎக்ஸ்டி4 போலவே இருக்கும். பூட் பார்ட்டிஷன்களுக்கு இது வசதி என்றுதான் வைப்பார்கள், தரவு வட்டுக்கு ஏன் வைத்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். வெறும் எஃப்எஸ்செக் மறுத்தது உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை.

நீங்கள் எஸ்டிபியை மட்டும் திருத்தியது எம்டிக்குத் தெரியாது. அதன் நிகழ்வு எண்ணிக்கை (ரெய்டின் நிலை மாறும்போது ஏறும் எண்) இரண்டு வட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது, பிட்மேப் (எந்த இடங்களை ஒத்திசைக்க வேண்டும் என்ற குறிப்பு) சுத்தமாக இருக்கிறது, அதனால் 'எல்லாம் நலம்' என்று இரண்டையும் சேர்த்துவிட்டது. அதற்கு மேல் மூன்று முறை எம்டி0 மேல் ஓட்டியதில் சில பிளாக்குகள் இரண்டிலும் ஒன்றாகி, மீதி வேறாகவே நிற்கின்றன.

இனி செய்ய வேண்டியது எந்தப் பாதியை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பது. 4 டிபிக்கு மேல் இடமுள்ள காலி வட்டு ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். எம்டி0ஐ ஸ்டாப் செய்யுங்கள். இரண்டு வட்டையும் பிளாக்டெவ் கொண்டு வாசிக்க மட்டும் என்று பூட்டுங்கள். டிடிரெஸ்க்யூவால் எஸ்டிஏ1ஐ, அதாவது ரெய்டின் மற்ற வட்டை, அந்தக் காலி வட்டில் ஒரு கோப்பாகப் பிரதி எடுங்கள். ஏழெட்டு மணி நேரம் ஆகும், அந்த நேரத்தில் தூங்குங்கள்.

அப்புறம் எஸ்டிஏ1, எஸ்டிபி1 ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாக மைனஸ் எஃப், மைனஸ் என். உறுப்பு வட்டின்மேல் ஓட்டாதே என்று சொன்ன அதே வாயால் இதைச் சொல்கிறேன். பூட்டிய வட்டில், மைனஸ் என் போட்டு, பார்ப்பதற்கு மட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டுங்கள். என் ஊகம் சரியென்றால் ஒரே வட்டின் இரண்டு வெளியீடும் அச்சு அசலாக ஒத்துப்போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எதில் பிழை குறைவோ அதுதான் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எஃப்எஸ்செக்கின் வேலை அமைப்பை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவதாக அது எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு டைரக்டரியின் தலை போய்விட்டால் உள்ளே இருந்ததை எல்லாம் அள்ளி லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் வெறும் எண்களாகப் போட்டுவிட்டு 'சுத்தம்' என்று சொல்லும். ஏற்கெனவே எஃப்எஸ்செக் கைவைத்த எஸ்டிபி சுத்தமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அதனால் இரண்டையும் 'ஆர்ஓ, நோலோட்' ஆப்ஷன்களோடு மவுன்ட் செய்து (நோலோட் இல்லாவிட்டால் ஜர்னலை, அதாவது மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் குறிப்பை, ஓட்டப் பார்க்கும்), கோப்புப் பட்டியலை ஞாயிறு பேக்கப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே யுயுஐடி என்பதால் வட்டின் பெயரைச் சொல்லி மவுன்ட் செய்யுங்கள்.


கேபிள்_சந்தேகி:

தோற்றதை ஒப்புக்கொள்கிறேன், கேபிள் இல்லை.

இடையில் ஒரு சின்னக் குறிப்பு: 4 டிபியில் எஃப்எஸ்செக் ஓடும்போது செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாது. மைனஸ் சி பூஜ்யம் போட்டால் முன்னேற்றப் பட்டை வரும். போட மறந்துவிட்டால், ஓடிக்கொண்டிருப்பதற்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினாலும் காட்டத் தொடங்கும். பாதியில் கண்ட்ரோல்-சி அடிப்பதைவிட நல்லது.


மூன்றாம்_ஷிப்ட்:

முடிவுகள். எஸ்டிஏ1: 112 வரி, இரண்டு முறையும் அதே 112. எஸ்டிபி1: 17 வரி, இரண்டு முறையும் அதே 17. டிஃப் வெறுமையாக வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மூன்று நாளில் முதன்முறையாக ஒரே கேள்விக்கு ஒரே பதில்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்டிபியை எடுத்திருப்பேன். மவுன்ட் செய்து பார்த்தால், எஸ்டிபியில் கணக்குப் பிரிவின் ஒரு டைரக்டரி முழுதாகக் காணோம், லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டில் 900க்கு மேல் எண்கள். எஸ்டிஏவில் அந்த டைரக்டரி அப்படியே இருக்கிறது, திங்கட்கிழமை மாலை சேமித்த கோப்புகளும் திறக்கின்றன. அதன் 112 வரியில் பெரும்பாலானவை கோப்பு முறைமையின் பிட்மேப் வித்தியாசம் (ரெய்டின் பிட்மேப் அல்ல), இணைப்பு எண்ணிக்கை தவறு, இந்த மாதிரி.

எஸ்டிஏதான் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்து எஸ்டிபியைத் திரும்பச் சேர்த்துவிடலாமா?


வட்டுக்காரன்:

பொறுங்கள், இன்னும் இல்லை. எஸ்டிபியைக் கழற்றி மேசைமேல் வையுங்கள், இப்போதைக்கு அதுவும் ஒரு பேக்கப்தான். எஸ்டிஏ1ஐ மட்டும் வைத்து எம்டிஆடம் 'அசெம்பிள்', 'ரன்' கொடுத்து எம்டி0ஐ ஒற்றைக்காலில் எழுப்புங்கள். எம்டிஸ்டாட்டில் ஒரு 'யூ', ஒரு அடிக்கோடு தெரியும், அது சரிதான். அந்த எம்டி0 மேல் மைனஸ் எஃப் போட்டு, மைனஸ் ஒய் இல்லாமல், ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் சொல்லுங்கள். 112தானே, கை வலிக்காது. மறுபடி ஓட்டினால் எஃப்எஸ்செக் முடியும்போது தரும் குறியீடு 0 வர வேண்டும். முதல் தடவை 1 வந்தால் பயப்படாதீர்கள், பிழைகளைத் திருத்தினேன் என்று அர்த்தம். 4 என்றால்தான் திருத்தாமல் மிச்சம் வைத்திருக்கிறது.

கோப்புகளை அந்தந்தப் பிரிவுக்காரர்களே திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு எஸ்டிபியை எடுங்கள். சேர்ப்பதற்கு முன் எம்டிஆடமின் 'ஜீரோ-சூப்பர்பிளாக்' அந்த எஸ்டிபி1க்குக் கொடுத்தே ஆக வேண்டும். பெயரை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள், கழற்றி மாட்டியதில் எழுத்து மாறியிருக்கலாம், சீரியல் எண்ணைப் பாருங்கள். இதைத் தவறவிட்டால், பழைய உறுப்பினர் திரும்பி வந்திருக்கிறார் என்று எம்டி அடையாளம் கண்டு, பிட்மேப்பில் குறித்த இடங்களை மட்டும் ஒத்திசைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். நீங்கள் யுஎஸ்பியில் செய்த திருத்தம் எந்தப் பிட்மேப்பிலும் இல்லை. திங்கட்கிழமை ராத்திரிக்கே திரும்பிப் போய்விடுவீர்கள். ஒத்திசைவு பல மணி நேரம் ஓடினால் நிம்மதியாக இருங்கள், சட்டென்று முடிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த 'நோபேரியர்' பற்றி. ஜர்னல் இருக்கும்போது கரண்ட் போனதற்கெல்லாம் இஎக்ஸ்டி4 இவ்வளவு உடையக் கூடாது. ஜர்னலில் எழுதியது நிஜமாகவே தட்டில் இறங்கிய பிறகுதான் அடுத்தது என்று வரிசையைக் காப்பது பேரியர். அதை அணைத்துவிட்டால் வட்டின் உள் கேஷ் தன் இஷ்டத்துக்கு வரிசையை மாற்றி எழுதும். பேட்டரியோடு கூடிய ரெய்டு கார்டு இருப்பவர்கள் அதை அணைப்பதில் ஒரு நியாயம் உண்டு, உங்களிடம் அப்படி எதுவும் இல்லை. யாரோ வேகம் கூடும் என்று எங்கோ படித்துப் போட்டிருக்கிறார். எடுத்துவிடுங்கள்.


சும்மா_தட்டு:

நான் சொன்னது தப்புதான். இதே 'ரிப்பேர்' எனக்கு இரண்டு முறை வேலை செய்திருக்கிறது, இப்போது யோசித்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது.


மூன்றாம்_ஷிப்ட்:

முடிந்தது. எம்டி0 மேல் இரண்டாவது ஓட்டம் 0. எஸ்டிபியைச் சூப்பர்பிளாக் அழித்துச் சேர்த்தேன், ஒத்திசைவு எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. அதன்பின் 'செக்' ஓட்டினேன், மிஸ்மேட்ச் பூஜ்யம். இரண்டு கோப்புகள் மட்டும் திறக்கவில்லை, இரண்டும் ஞாயிறு பேக்கப்பில் இருந்தன.

நோபேரியரை எடுத்துவிட்டேன். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி சொல்லியிருக்கிறேன். எம்டிஆடம் இல்லாத அந்த யுஎஸ்பியை அழித்து, எம்டிஆடம் உள்ள ஒன்றை ஏற்றி, இந்த சர்வரிலேயே பூட் செய்து எம்டி0 தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிராயரில் போட்டேன்.


வட்டுக்காரன்:

நல்லது. இன்னும் ஒன்று பாக்கி. டெபியன் வகை அமைப்புகளில் மாதத்தின் முதல் ஞாயிறு இந்த 'செக்' தானாக ஓடும்படி எம்டிஆடம் பொதியே ஏற்பாடு செய்திருக்கும். உங்களுடையதில் அது ஓடுகிறதா?


மூன்றாம்_ஷிப்ட்:

பார்த்தேன். அணைத்து வைத்திருந்தார்கள். இப்போது போட்டுவிட்டேன்.